சூடான வெள்ளைக் குள்ளனில் காந்தம் இருப்பது எப்படித் தெரிகிறது?

கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பதாகச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரும்பைச் சிவக்கக் காய்ச்சினாலே காந்தம் செத்துப் போகிறது. ஐம்பதாயிரம் டிகிரி சூட்டில் இருக்கிற வெள்ளைக் குள்ளன் நட்சத்திரத்தில் பயங்கரமான காந்தம் இருக்கிறதாகப் படித்தேன். அது எப்படி இருக்க முடியும்? இருந்தாலும் இங்கிருந்து எப்படி அளந்தார்கள்? என்னிடம் இருக்கும் 6 இன்ச் டெலஸ்கோப்பில் ஏதாவது தெரியுமா?"

கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் உயிர் நடுவில் இருக்கிறது. போய்த் தொட முடியாத, திசைகாட்டி வைக்க முடியாத ஒன்றின் காந்தத்தை வெறும் வெளிச்சத்தை வைத்து எப்படிச் சொல்கிறார்கள், அந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். அதற்கு முன்பு ஆய்வு மாணவனாக இருந்தபோது நட்சத்திரங்களின் நிறமாலைத் தரவுகளைச் சலித்துச் சுத்தம் செய்வதே வேலை. அதனால் அளக்கும் பக்கத்தைக் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன். காந்தம் எப்படிப் பிறந்தது என்கிற கோட்பாட்டுப் பக்கம் என் வயல் இல்லை, அதில் அடக்கி வாசிக்கிறேன்.

வெள்ளைக் குள்ளன் என்பது எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் மிச்சம். முதலில் அதன் சூட்டை முடித்துவிடலாம். இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தன்மையை இழக்கும் என்பது சரி. அணுக்களின் குட்டிக் காந்தங்கள் ஒரே பக்கம் பார்த்து நிற்பதை வெப்பம் கலைத்துவிடுகிறது. ஆனால் நட்சத்திரத்தின் காந்தம் அந்த வகை இல்லை. உங்கள் ஸ்டேட்டரிலிருந்து ஸ்டாம்பிங்கை, அதாவது இரும்புத் தகடுகளை, எல்லாம் உருவிவிட்டு வெறும் காயிலில் கரண்ட் விட்டாலும் காந்தப்புலம் வரும், பலம் குறையும், அவ்வளவுதான். நட்சத்திரத்தின் உள்ளே எலக்ட்ரான்கள் அவிழ்ந்து திரிவதால் அந்தப் பொருள் அருமையான மின்கடத்தி. அதில் ஓடும் மின்னோட்டம்தான் காந்தம். வெள்ளைக் குள்ளனுக்குள் அந்த மின்னோட்டம் தேய்ந்து அடங்கவே பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். எனவே சூடு காந்தத்தைக் கொல்வதில்லை. நாம் அதைப் பார்க்கும் வழியைத்தான் கெடுக்கிறது. எப்படிக் கெடுக்கிறது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அளவு ஒன்று மனதில் இருக்கட்டும். காந்தப்புலத்தை காஸ் என்கிற அலகில் சொல்வோம். கோவையில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 0.4 காஸ். எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரம் 1.5 டெஸ்லா, அதாவது 15,000 காஸ். நீங்கள் கட்டும் மோட்டாரின் இரும்புக் கோரும் ஓடும்போது ஏறத்தாழ அந்த அளவில்தான் நிற்கிறது. வெள்ளைக் குள்ளன்களில் இதுவரை கண்டவை சில ஆயிரம் காஸில் தொடங்கி நூறு கோடி காஸ் வரை போகின்றன. அதாவது அங்கே பலவீனம் என்று ஒதுக்கப்படுவது இங்கே எம்ஆர்ஐ. ஒரு வெள்ளைக் குள்ளனில் சூரியனின் எடையில் பாதிக்குச் சற்று மேல், பூமியின் பருமனுக்குள் நசுங்கிக் கிடக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் ஒரு டன் எடை இருக்கும். மேற்பரப்பில் ஈர்ப்பு நம்முடையதைப் போல ஒரு லட்சம் மடங்கு.

சரி, வெளிச்சத்தில் காந்தம் எப்படிப் பதிகிறது? 1896இல் ஹாலந்துக்காரர் பீட்டர் ஸீமன் கண்டதுதான் அடிப்படை. எம்எஸ்சி ஆய்வகங்களில் இந்தச் சோதனை உண்டு. மின்காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே பாதரச விளக்கை வைப்போம். அதன் பச்சை ஒளி ஃபாப்ரி–பெரோ கண்ணாடிகள் வழியாக வந்து ஐபீஸில் ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய பச்சை வளையங்களாகத் தெரியும். கரண்டை மெதுவாக ஏற்றினால் ஒவ்வொரு வளையமும் முதலில் தடிக்கும், அப்புறம் மூன்றாகப் பிரியும். முன்னால் போலராய்டைப் பிடித்துத் திருப்பினால் ஒரு நிலையில் நடு வளையம் மட்டும் நிற்கும், இன்னொரு நிலையில் ஓரத்து இரண்டும் நிற்கும். முனையில் துளை போட்டுக் காந்தப்புலத்தின் திசையிலேயே பார்த்தால் நடுவிலிருப்பது காணாமல் போய்விடும். மீதி இரண்டில் ஒன்றன் ஒளி வலமாகச் சுழல்வது, மற்றது இடமாகச் சுழல்வது. இதைத்தான் வட்டத் தளவிளைவு, வகுப்பில் சர்குலர் போலரைசேஷன் என்கிறோம். இந்தக் கடைசி விவரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நட்சத்திர வேலை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

நட்சத்திரத்தின் ஒளியை நிறமாலையாக விரித்தால் ஹைட்ரஜன் விழுங்கிய இடங்களில் கருங்கோடுகள் இருக்கும். சிவப்பில் 6563 ஆங்ஸ்ட்ராமில் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) இருக்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டை எடுங்கள். பத்து லட்சம் காஸ் காந்தப்புலம் இருந்தால் ஓரத்துப் பிரிவுகள் நடுவிலிருந்து சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் தள்ளிப் போகும். அது பெரிய விலகல். சாதாரண நிறமாலைமானியிலேயே கோடு மூன்றாகப் பிளந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும், யாரும் மறுத்துப் பேச முடியாது. புலம் இன்னும் பலமானால் இந்த எளிய கணக்கே உடைந்து போகிறது. கோடுகள் நூற்றுக்கணக்கான ஆங்ஸ்ட்ராம் நகர்ந்து, எந்தத் தனிமத்தின் கோடு என்றே அடையாளம் தெரியாமல் ஆகிவிடும். இதற்குப் பேர்போன உதாரணம் ஜிஆர்டபிள்யூ +70 8247 என்கிற வெள்ளைக் குள்ளன். அதன் நிறமாலையில் பெயர் தெரியாத ஆழமற்ற பட்டைகள் இருப்பது 1930களின் கடைசியிலேயே தெரியும். 1970இல் கெம்ப், ஸ்வெட்லண்ட், லேண்ட்ஸ்ட்ரீட், ஏஞ்சல் ஆகிய நால்வர் அதன் ஒளியில் வட்டத் தளவிளைவு இருப்பதைக் கண்டார்கள். வெள்ளைக் குள்ளனில் காந்தம் உண்டு என்று உறுதியான முதல் நாள் அது. ஆனால் அந்தப் பட்டைகள் வெறும் ஹைட்ரஜன்தான், சுமார் 32 கோடி காஸில் அப்படித் தாறுமாறாக இழுபட்டிருக்கிறது என்று நிரூபிக்க 1980களின் நடுவரை ஆனது. அத்தனை பலமான புலத்தில் ஹைட்ரஜன் அணு எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் கணக்குப் போட்ட பிறகே முடிச்சு அவிழ்ந்தது.

பலமானது இப்படி. பலவீனமானதுதான் கையைக் கடிக்கும். பத்தாயிரம் காஸுக்கு விலகல் வெறும் 0.2 ஆங்ஸ்ட்ராம். வெள்ளைக் குள்ளனின் கோடோ பத்துக்கணக்கான ஆங்ஸ்ட்ராம் அகலம். பிளவைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை. அங்கேதான் வலம், இடம் என்று சுழலும் ஒளி உதவுகிறது. வலமாகச் சுழலும் ஒளியில் மட்டும் ஒரு நிறமாலை எடுக்கிறோம், இடமாகச் சுழலும் ஒளியில் இன்னொன்று. காந்தம் இருந்தால் இரண்டிலும் ஒரே கோடு எதிரெதிர்த் திசையில் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். வெளிச்சத்தை வரைபடமாகப் போட்டால் கருங்கோடு ஒரு பள்ளமாகத் தெரியும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், அந்தப் பள்ளத்தின் சரிவு செங்குத்தாக இருக்கும் இடங்களில் மிச்சம் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில் பத்தடி தள்ளி நின்றால் உயரம் மாறியது காலுக்கே தெரியும். பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் நூறடி தள்ளி நின்றாலும் எந்த மாற்றமும் தெரியாது. நகர்வு எவ்வளவு என்பதைப் போலவே சரிவு எவ்வளவு என்பதும் சிக்னலைத் தீர்மானிக்கிறது.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் வலி புரியும். ஒரு கோட்டின் ஓரத்தில் பத்து ஆங்ஸ்ட்ராமுக்குள் வெளிச்சம் பத்து சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். பத்தாயிரம் காஸ் புலம் நம் பக்கம் பார்த்து இருந்தால் கிடைக்கும் வட்டத் தளவிளைவு 0.2 சதவீதம். அதே பத்து சதவீதம் நூறு ஆங்ஸ்ட்ராமுக்குள் சோம்பலாகக் குறைந்தால் 0.02 சதவீதம், ஐயாயிரத்தில் ஒன்று. ஒளி துகள் துகளாக வருவதால் எண்ணிக்கையில் இயல்பாகவே ஒரு தடுமாற்றம் உண்டு. அந்தத் தடுமாற்றத்தை ஐயாயிரத்தில் ஒன்றுக்கு இறக்கவே இரண்டரைக் கோடி ஃபோட்டான் வேண்டும். சிக்னல் அதைவிட மூன்று மடங்கு உயர்ந்து நிற்க வேண்டுமென்றால் ஒன்பது மடங்கு ஃபோட்டான். கோட்டின் பல இடங்களையும், பல கோடுகளையும் சேர்த்துக் கணக்கிடுவதால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனாலும் மங்கலான நட்சத்திரத்துக்கு நான்கு மீட்டர், எட்டு மீட்டர் தொலைநோக்கிதான் சரிப்படும். இந்தத் துறையில் அதிகம் உழைத்தவை லா பால்மா தீவின் 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியும், சிலி நாட்டில் உள்ள 8.2 மீட்டர் விஎல்டியில் பொருத்திய ஃபோர்ஸ் கருவியும்.

கருவியே பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை. வலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனிப் பாதை இருப்பதால் ஒரு பாதையின் கண்ணாடி கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூடக் காந்தம் மாதிரி தெரியும். அதனால் ஒளி நுழையும் இடத்தில் உள்ள அலைத்தகட்டை 90 டிகிரி திருப்பி மறுபடியும் படமெடுப்பார்கள். இப்போது முதலாவது பாதையில் போனது இரண்டாவதில் போகும், இரண்டாவதில் போனது முதலாவதில் போகும். இரண்டு படங்களையும் சேர்த்தால் கருவியின் குறை பெரும்பாலும் அடிபட்டுப் போகும், நட்சத்திரத்தின் சிக்னல் மிஞ்சும். அதே படங்களை வேறு விதமாகக் கழித்தால் நட்சத்திரத்தின் சிக்னல் அடிபட்டுப் போய் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்ச வேண்டும். அதைச் சுழி நிறமாலை என்போம். ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் நான் முதலில் திருப்புவது அந்தச் சுழி நிறமாலை இருக்கும் பக்கத்தைத்தான். அது தட்டையாக இல்லையென்றால் மேற்கொண்டு படிக்கக் கை வராது.

இனி சூட்டுக்கு வரலாம். ஈர்ப்பு அதிகமாக இருப்பதால் எல்லா வெள்ளைக் குள்ளனிலும் வாயு நெருக்கமாக அமுங்கிக் கோடு அகலமாகிறது. சூடானவற்றில் இன்னொரு கெடுதலும் சேர்கிறது. முப்பதாயிரம், ஐம்பதாயிரம் டிகிரியில் பெரும்பாலான ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரானை இழந்துவிடுகின்றன. எலக்ட்ரான் இல்லாத ஹைட்ரஜன் எந்தக் கோடும் போடாது. மிச்சம் இருக்கும் கோடு ஆழமற்ற அகலமான பள்ளமாகிவிடுகிறது, அதாவது முழுக்கப் பல்லடத்துச் சமவெளி. மிதமான சூட்டில் உள்ளவற்றில் ஆல்ஃபா கோட்டின் நட்ட நடுவில் ஒரு சின்னக் கூர்மையான பள்ளம் இருக்கும், அதன் பிளவை வைத்தே ஐம்பதாயிரம் காஸ் அளவைப் பிடிக்கலாம். மிகச் சூடானவற்றில் அந்தப் பள்ளமும் நிரம்பி, சிலவற்றில் ஒளிரும் முனையாகவே எழும்பிவிடுகிறது.

அப்படியானால் வேறு கோடுகளைப் பார்க்கக் கூடாதா? பார்க்கலாம், அங்கேதான் ஒரு நல்ல வழி பாதியில் நிற்கிறது. மிகச் சூடான வெள்ளைக் குள்ளன்களில் உள்ளிருந்து வரும் ஒளியின் அழுத்தமே இரும்பு, நிக்கல் போன்ற கனமான அணுக்களை மேலே தூக்கி நிறுத்துகிறது. ஜி191-பி2பி என்கிற நட்சத்திரம் இதற்குப் பெயர் பெற்றது. ஹப்பிள் தொலைநோக்கி தன் ஒளி அளவைச் சரிபார்த்துக்கொள்ளும் தர நட்சத்திரங்களில் அதுவும் ஒன்று. அதன் உலோகக் கோடுகள் ஊசி மாதிரி கூர்மை. ஆனால் எல்லாம் புற ஊதாவில், பூமியின் காற்றைத் தாண்டிப் போனால்தான் தெரியும். மேலும் ஸீமன் பிளவு அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6563இல் 20 ஆங்ஸ்ட்ராம் தரும் அதே புலம் 1200இல் 0.7 ஆங்ஸ்ட்ராம்கூடத் தராது. ஹப்பிளின் நிறமாலைமானி மிக நுணுக்கமானது, இருபதாயிரம் காஸ் போல இருந்தால் அந்த ஊசிக் கோடுகள் தடிப்பதாவது தெரிய வேண்டும் என்று என் தோராயக் கணக்கு சொல்கிறது. ஆனால் வலம், இடம் என்று சுழலும் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் வசதி இப்போது அதன் நிறமாலைமானிகளில் இல்லை. தடித்த கோட்டுக்குக் காந்தம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதும் இல்லை.

இத்தனை இடைஞ்சலுக்கும் நடுவே சூடானவற்றில் சந்தேகமில்லாமல் கண்டவை உண்டு, எல்லாமே புலம் மிகப் பலமாக இருப்பதால் கிடைத்தவை. 1995இல் அறிவிக்கப்பட்ட ஆர்இ ஜே0317-853 முப்பதாயிரம் டிகிரிக்கு மேல் சூடு. சூரியனின் 1.3 மடங்கு எடையோடு 725 வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. புலம் பல கோடி காஸ். அதற்கு ஒரு துணை வெள்ளைக் குள்ளனும் உண்டு, எடையில் இளைத்தது. எடை கூடிய நட்சத்திரம் முதலில் செத்து முதலில் ஆறியிருக்க வேண்டும், இங்கே அதுதான் சூடாக இருக்கிறது. இரண்டு நட்சத்திரங்கள் மோதி ஒன்றாகிப் பிற்பாடு பிறந்தது அது என்றால் கணக்கு ஒத்துவருகிறது. 2021இல் இலாரியா காயாட்ஸோ குழு அறிவித்த இசட்டிஎஃப் ஜே1901+1458 இன்னும் விசித்திரம். ஏறக்குறைய 46,000 டிகிரி, நிலாவைவிடக் கொஞ்சமே பெரிய உருவம், சுற்ற ஏழு நிமிடம்கூட ஆகவில்லை, புலம் 60 முதல் 90 கோடி காஸ். எடையும் சந்திரசேகர் எல்லையை, அதாவது வெள்ளைக் குள்ளன் தாங்கக்கூடிய உச்ச எடையை, உரசிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் படித்த செய்தி அநேகமாக இதுவாக இருக்கும். வெள்ளைக் குள்ளனாகப் போகிற வழியில் இருக்கும் சூடான துணைக்குள்ளன்களில்கூட (ஆங்கிலத்தில் சப்ட்வார்ஃப்) 2022இல் ஒன்றில் சுமார் மூன்றரை லட்சம் காஸ் கண்டார்கள், கோடு பிளந்து நிற்பதைப் பார்த்தே. அதுவும் மோதிச் சேர்ந்தது என்றே கருதப்படுகிறது.

சூடானவற்றில் பலவீனமான புலம் கண்டோம் என்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் நின்று கேளுங்கள். 2005இல் கோள்நெபுலாக்களின், அதாவது சாகும் நட்சத்திரங்கள் உதறிய வாயுக் கூடுகளின், மைய நட்சத்திரங்களிலும் சூடான துணைக்குள்ளன்களிலும் ஆயிரம் காஸ் அளவில் புலம் கண்டதாக விஎல்டி தரவுகளை வைத்து அறிவித்தார்கள். பரபரப்பாகப் பேசப்பட்டது. பிறகு அதே தரவுகளைக் கூடுதல் கவனத்தோடு மறுபடி அலசியபோது புலம் கரைந்து போனது. படங்களுக்கு நடுவே நிறமாலை இம்மியளவு நகர்ந்தாலே காந்தம் போலக் காட்டும், பிழை அளவையும் குறைவாகப் போட்டிருந்தார்கள். 2012இல் அதைத் திருத்தி வெளியிட்டவர்களில் முதலில் அறிவித்தவர்களே இருந்தார்கள் என்பது எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயம்.

இன்னும் இழுபறியில் இருப்பது ஒன்று. மிகச் சூடான சில வெள்ளைக் குள்ளன்களில் அந்த வெப்பத்துக்குச் சற்றும் பொருந்தாத கோடுகள் இருக்கின்றன. ஆக்சிஜனிடமிருந்து ஏழு எலக்ட்ரான்களைப் பிடுங்கினால்தான் வரும் கோடு, லட்சம் டிகிரிகூடத் தாண்டாத நட்சத்திரத்தில்! காந்தப்புலம் நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வாயுக் கூட்டைப் பிடித்து வைத்து, அங்கே அதிர்வலையில் சூடேறுகிறது என்று ஒரு விளக்கம். சிலவற்றின் வெளிச்சம் ஒழுங்காகக் கூடிக் குறைவதும் அதற்கு இடம் கொடுக்கிறது. எனக்கு அந்த விளக்கம் நியாயமாகவே படுகிறது. ஆனால் அது சூழ்நிலைச் சாட்சி. நேரடியாகப் புலத்தை அளந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, இளம் சூடானவற்றில் காந்தம் உண்மையிலேயே அரிதா, நமக்குத் தெரியவில்லையா? வானியலாளர்கள் பன்யூலோவும் லேண்ட்ஸ்ட்ரீட்டும் நம்மைச் சுற்றி 65 ஒளியாண்டுக்குள் உள்ள வெள்ளைக் குள்ளன்களை ஒவ்வொன்றாக அளந்து 2021இல் வெளியிட்ட கணக்கில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் காந்தம் உள்ளவை. சாதாரண எடை உள்ளவற்றில், பிறந்து இருநூறு முந்நூறு கோடி ஆண்டு ஆன பிறகே காந்தம் பரவலாகத் தலைகாட்டுகிறது, எடை கூடியவற்றில் மட்டும் சின்ன வயதிலேயே பலமாக இருக்கிறது என்பது அவர்களுடைய அடுத்தடுத்த வேலைகளின் முடிவு. ஆறி வரும்போது உட்கரு உறைந்து படிகமாவது காந்தத்தை எழுப்புகிறது என்பார் சிலர். உள்ளே புதைந்திருந்தது மெல்ல மேலே வருகிறது என்பார் சிலர். இதில் நான் பக்கம் சாய மாட்டேன். ஆனால் இந்த முடிவு நன்றாக நிற்பது இருபதாயிரம் டிகிரிக்குக் கீழே என்பது என் கருத்து. ஒரு வெள்ளைக் குள்ளன் முப்பதாயிரம் டிகிரிக்கு இறங்க ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு போதும். மொத்த வாழ்நாளில் அது ஒரு கண்சிமிட்டல். அதனால் அக்கம்பக்கத்தில் அந்தச் சூட்டில் ஆள் கிடைப்பதே அரிது. அக்கம்பக்கத்து வெள்ளைக் குள்ளனான சிரியஸ் பி 25,000 டிகிரி. அதைவிடச் சூடானவை பெரும்பாலும் தூரத்தில், மங்கலாக, சரிவில்லாத கோடுகளோடு இருக்கின்றன. அவற்றில் "புலம் இல்லை" என்று படித்தால், "இத்தனை ஆயிரம் காஸுக்கு மேல் இல்லை" என்று திருத்திப் படியுங்கள். அந்த எண் எவ்வளவு என்று கட்டுரையில் தேடுங்கள்.

உங்கள் 6 இன்ச்சுக்குக் காந்தம் எட்டாது. ஆனால் வெள்ளைக் குள்ளனே தாராளமாகத் தெரியும், அதுவும் இந்தக் கதையில் இடம் பெற்ற ஒன்று. 40 எரிடானி பி என்று பெயர், 16 ஒளியாண்டுத் தொலைவு, சுமார் 17,000 டிகிரி. அதில் சில ஆயிரம் காஸ் இருப்பதாக ஒரு காலத்தில் சொன்னார்கள். 2015இல் லேண்ட்ஸ்ட்ரீட் குழு 250 காஸ் வரை துருவிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி முன்னிரவில் ஓரியனின் கால் பக்கம் இருக்கும் ரைஜல் நட்சத்திரத்திலிருந்து நேர் மேற்கே 15 டிகிரி, கை நீட்டிப் பிடித்த ஒன்றரை முஷ்டி அகலம் போங்கள். 4.4 பிரகாசத்தில் (இந்த எண் கூடக் கூட மங்கல்) முதன்மை நட்சத்திரம் இருக்கும். அதற்குக் கிழக்கே ஒன்றரை ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஆர்க்மினிட்) தள்ளி 9.5 பிரகாசத்தில் வெளுப்பாக இருப்பதுதான் அது. அதை ஒட்டியே மங்கலாக ஒரு சிவப்புக் குள்ளனும் இருக்கும், காற்று நிதானமாக இருந்தால் பிரியும். கணபதியின் வெளிச்சத்தில் முதன்மை நட்சத்திரத்தையே வெறும் கண்ணால் பிடிப்பது கஷ்டம், ஆனைகட்டிப் பக்கம் போய்விடுங்கள்.